பத்து மணி நேர பார்பிகியூ: நெருப்பையும் சாம்பலையும் கவனிப்பது எப்படி

சிரட்டைக்கரியில் பின்னேரம் கோழி சுடுவது வேறு, பெரிய மாட்டு நெஞ்சிறைச்சித் துண்டொன்றை 8, 10 மணி நேரம் விறகுப் புகையில் வேகவைப்பது வேறு. முதலாவதில் கரி தீருமுன்பே சாப்பாடு முடிந்துவிடும். இரண்டாவதில் காலையில் மூட்டிய நெருப்பை இருட்டும்வரை ஒரே அளவில் வைத்திருக்க வேண்டும், அதற்கிடையில் அடியில் சாம்பல் சேர்ந்துகொண்டே போகும். மசாலாவைப் பற்றி எழுதப் போவதில்லை. இறைச்சி கெட்டுப்போவது பெரும்பாலும் நெருப்பால்தான்.

பக்கவாட்டில் தனி விறகுப் பெட்டி ஒட்டிய பரல் அடுப்பை மனதில் வைத்துச் சொல்கிறேன்: நெருப்பு பெட்டியில், இறைச்சி பரலுக்குள், சூடும் புகையும் இறைச்சியைக் கடந்து புகைபோக்கியால் வெளியேறும். வெல்டிங் கடையில் செய்விக்கும்போது இரண்டு விஷயங்களைப் பாருங்கள். பரலில் முன்பு என்ன இருந்தது என்று கேட்டு, இரசாயனம் என்றால் வேண்டாம். விறகுப் பெட்டிக்குள் போடும் கம்பித் தட்டு துத்தநாகம் பூசியதாக இருக்கவே கூடாது, கடும் சூட்டில் அதிலிருந்து வரும் புகை நஞ்சு.

1. விறகு

பேக்கரிக்காரர் எரிக்கும் றப்பர் விறகு கொழும்பில் சுலபமாகக் கிடைக்கும், நன்றாகக் காய்ந்திருந்தால் போதுமானது. மா, கொய்யா கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டை உரித்த கறுவாத் தடி மெல்லியது, சீக்கிரம் எரிந்து தீரும், ஆகவே மூட்டுவதற்கு மட்டும். பொச்சுமட்டை கனன்று கனன்று அடர்புகை கக்கும், பக்கத்திலேயே சேர்க்காதீர்கள். தளபாடக் கடைக் கழிவுத் துண்டுகளும் வேண்டாம், றப்பர் பலகையைப் பூச்சி அரிக்காதிருக்க மருந்து ஏற்றித்தான் விற்கிறார்கள்.

விறகுக் கடையில் கேட்டால் எல்லாம் காய்ந்த விறகு என்றுதான் சொல்வார்கள். இரண்டு துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று தட்டிப் பாருங்கள். டங்கென்று கணீரென ஒலித்தால் காய்ந்தது, மொத்தென்று கேட்டால் உள்ளே ஈரம். மணிக்கட்டுப் பருமனில், ஒரு சாண் ஒன்றரைச் சாண் நீளத்தில் பிளந்து வைத்துக்கொள்ளுங்கள். பெரிய கட்டையைப் போட்டுவிட்டு ஒரு தூக்கம் போடலாம் என்று நினைத்தால் இந்த வேலை சரிவராது.

2. தணல்

சிரட்டைக்கரியைப் பற்றவைத்து, அது சாம்பல் பூத்துச் சிவந்ததும் விறகுப் பெட்டியில் பரப்புங்கள். மேலே இரண்டு விறகு. மண்ணெண்ணெய் ஊற்றாதீர்கள், அந்த மணம் இறைச்சியோடு சாப்பாட்டு மேசை வரை வரும். அடுப்பு 110 முதல் 130 பாகை செல்சியஸுக்குள் நின்று, புகை தெளிந்த பிறகுதான் இறைச்சி உள்ளே போக வேண்டும். மூடியில் பொருத்திய வெப்பமானியை முழுதாக நம்ப வேண்டாம், இறைச்சி இருக்கும் தட்டின் மட்டத்தில் இன்னொன்று வையுங்கள்.

3. காற்று

புகைபோக்கி கடைசிவரை முழுதாகத் திறந்தே இருக்கட்டும். சூடு ஏறினால் புதியவர்கள் முதலில் காற்றைத்தான் அடைப்பார்கள். அடைத்தால் விறகு எரியாமல் புகையும், வெள்ளையாக, கண்ணைக் கரிக்கிற புகை, அது இறைச்சியில் கறுப்பாகப் படிந்து கசக்கும். சூட்டைக் குறைக்க வழி சின்ன நெருப்பு, அதாவது அடுத்த விறகைச் சிறியதாகப் போடுவது. நல்ல புகை மெல்லியதாக, இலேசான நீலத்தில், சில நேரம் கண்ணுக்கே தெரியாமல் போகும். வெள்ளவத்தை ஒழுங்கை மாதிரி நெருக்கமான இடமென்றால் இன்னொரு அளவுகோலும் உண்டு: பக்கத்து வீட்டு அன்ரி கொடியில் போட்ட உடுப்பை அவசரமாக அள்ளிக்கொண்டு போகிறாரென்றால் உங்கள் புகை சரியில்லை.

பகலில் கடல் பக்கமிருந்து வரும் காற்று பெட்டி வாய்க்குள் நேராக அடித்தால் சூடு எகிறும், பக்கவாட்டில் திருப்பி வையுங்கள் அல்லது ஒரு தகரத்தை மறைப்பாக நிறுத்துங்கள். மே முதல் செப்டெம்பர் வரையான தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் இந்தத் தகரம் கட்டாயம். மழை வந்தால் அடுப்பைத் தூக்கிக்கொண்டு கராஜுக்குள்ளோ மூடிய பல்கணிக்கோ போகாதீர்கள். நெருப்பிலிருந்து வரும் நச்சு வாயுவான கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை.

4. விறகு சேர்ப்பது

30 முதல் 45 நிமிடத்துக்கு ஒரு துண்டு. வெப்பமானி இறங்கும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். முந்தைய துண்டின் சுவாலை தணிந்து சிவந்த கட்டியாக மாறும் நேரம்தான் சரி. அடுத்த துண்டை ஏற்கெனவே பெட்டியின் மேல் வைத்துச் சூடாக்கியிருந்தால் உள்ளே வைத்த ஒரு நிமிடத்துக்குள் பற்றிக்கொள்ளும், அதுவரை பெட்டிக் கதவைத் திறந்தே விடுங்கள். இறைச்சி பக்க மூடியைத் திறந்து திறந்து பார்ப்பதால் ஒரு பயனும் இல்லை.

5. சாம்பல்

மூன்றாவது, நான்காவது மணி நேரத்தில் இப்படி ஒன்று நடக்கும். நல்ல விறகுதான், காற்று வழியும் திறந்துதான் இருக்கிறது, ஆனாலும் சூடு மெல்ல மெல்ல இறங்கும், புகை வெளுக்கும். உடனே இன்னொரு விறகு போடத் தோன்றும். போடாதீர்கள். குனிந்து கம்பித் தட்டுக்கு அடியில் பாருங்கள். தட்டுக்கும் பெட்டியின் அடிக்கும் இடையில் நாலு விரல் இடைவெளி இருந்த இடம் சாம்பலால் நிரம்பி, தணலின் அடிப்பக்கம் சிவப்பு மங்கிச் சாம்பலுக்குள் புதைந்து கிடக்கும். கீழிருந்து காற்று ஏற வழியில்லை. இந்த நிலையில் போடும் விறகு புகையத்தான் செய்யும்.

ஆகவே ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கொருமுறை, புது விறகு வைப்பதற்குச் சற்று முன், இதைச் செய்யுங்கள். இறைச்சி பக்க மூடி மூடியிருக்கிறதா என்று பாருங்கள். நுனி வளைத்த கம்பியால் தணலை உள்பக்கம் தள்ளுங்கள். பிறகு தட்டுக்கடியில் கம்பியை விட்டுச் சாம்பலை வாசல் பக்கம் மெதுவாக, இழுக்கிறோமா இல்லையா என்கிற வேகத்தில் இழுத்து, இரும்புக் கரண்டியில் ஏந்தி, இரும்பு வாளியில் போட்டு மூடுங்கள். அவசரப்பட்டுக் கிளறினாலோ ஊதுகுழலால் ஊதினாலோ சாம்பல் பறந்து, புகைபோக்கி இழுக்கிற இழுப்பில் நேரே இறைச்சி மேல் போய் இறங்கும், ஈரமான மேற்பரப்பில் ஒட்டிக்கொண்டால் பிறகு துடைத்தும் போகாது. முழுவதையும் வழித்தெடுக்கவும் வேண்டாம். ஒரு விரல் தடிப்புக்கு விட்டுவைத்தால் அது தணலின் சூட்டைத் தாங்கிப் பிடிக்கும். தணலைப் பரப்பி, சூடாக்கிய விறகை வைத்தீர்களென்றால் சில நிமிடங்களில் புகை தெளியும்.

6. முடிந்த பிறகு

இறைச்சியின் உள்வெப்பம் 65, 70 பாகையில் மணிக்கணக்காக நகராமல் நிற்பது வழமை, அதற்காக நெருப்பைக் கூட்டாதீர்கள். 95 அளவில் கம்பி வெண்ணெயில் போவதுபோல் இறங்கினால் எடுத்துவிடலாம்.

எடுத்ததும் எல்லாக் காற்று வழியையும் மூடுங்கள், நெருப்பு தானாக அணையும். வெளியே ஆறிவிட்ட மாதிரித் தெரியும் சாம்பலுக்குள் தணல் ஒரு நாளுக்கு மேலும் உயிரோடு இருக்கும். பொலித்தீன் பையில் கட்டிக் குப்பை லொறிக்குப் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது! மூடிய இரும்பு வாளியில், சீமெந்துத் தரையில், இரண்டு நாள் இருக்கட்டும். பெட்டிக்குள் மிச்சமிருப்பதையும் மறுநாளே வழித்துவிடுங்கள், நம்மூர் ஈரக் காற்றில் சாம்பல் தண்ணீரை உறிஞ்சி இரும்பைத் துருப்பிடிக்க வைக்கும். சுத்தமான விறகுச் சாம்பல் என்றால் கொஞ்சம் கறிவேப்பிலை மரத்தடியில் தூவலாம், மிச்சத்தை அந்தக் கரிபிடித்த தட்டைத் தேய்க்க வைத்துக்கொள்ளுங்கள்.