குட்டி நாய் விடியுமுன்னே எழுப்புகிறதா?

சிங்கப்பூரில் வருஷம் முழுக்கச் சூரியன் உதிப்பது 7 மணி வாக்கில்தான். அதனால் 5 மணிக்கே குட்டி குரல் கொடுத்தால் வெளிச்சத்தைக் குறை சொல்ல முடியாது. பெரும்பாலும் மூத்திரம் முட்டியிருக்கும். 3 மாதக் குட்டியால் 4 மணி நேரத்துக்கு மேல் அடக்குவது கஷ்டம், பாவம்.

ராத்திரி நீங்கள் படுக்கப்போகும் முன் ஒருமுறை போகவிடுங்கள். அதிகாலையில் சிணுங்கினால், விளக்கைப் போடாமல், பேசாமல், கொஞ்சாமல் மூத்திரம் போகும் விரிப்புக்குத் தூக்கிப் போங்கள். போனதும் திரும்பக் கூண்டுக்குள் விட்டுவிடுங்கள். இங்கேதான் பலரும் மனசு இளகிப் பிஸ்கட் கொடுத்துவிடுகிறார்கள். கொடுத்துப் பழக்கினால் மறுநாளும் அதே நேரத்துக்கு எழுந்து கேட்கும். காலைச் சாப்பாட்டையும் எழுந்தவுடன் வைக்காமல் அரை மணி கழித்து வையுங்கள்.

இருட்டிலேயே கூவும் குயில், லிஃப்ட் சத்தம், பக்கத்து வீட்டு இரும்புக் கதவு, இவைகூட அதை எழுப்பும். வீவக (அரசாங்க அடுக்குமாடி) வீடென்றால் கூண்டை வாசல் பக்கமிருந்து உள்ளே நகர்த்தி மின்விசிறியை ஓடவிடுங்கள். இந்தப் புழுக்கத்தில் தண்ணீரை மட்டும் நிறுத்தவே கூடாது. நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த குட்டி திடீரென்று அடிக்கடி எழுந்தால் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.