பழைய கார் வாங்குகிறீர்களா? ரீகால் பாக்கி இருக்கிறதா என்று பார்ப்பது இப்படித்தான்

சென்ற மழைக்காலத்தில் மைத்துனருக்கு ஒரு பழைய கார் தேடிக்கொண்டிருந்தோம். தக்கலைக்குப் பக்கத்தில் ரப்பர் தோட்டம் வைத்திருக்கும் பெரியவர் ஒருவரின் வண்டி பிடித்துப்போனது. உள்ளே சுத்தம், ஓடிய தூரமும் குறைவு, விலையும் படிந்துவிட்டது. முன்பணத்தை எடுக்கச் சட்டைப்பையில் கையை விட்டபோதுதான் எனக்குத் தோன்றியது. "ரீகால் வேலை எல்லாம் முடித்துவிட்டீர்களா?" என்று கேட்டேன்.

"அடிபட்ட வண்டிக்குத்தானே மக்களே அதெல்லாம்? இதில் ஒரு கீறல் உண்டா, பார்!" என்றார்.

அவர் ஏமாற்றவில்லை. உண்மையிலேயே தெரியாது. ரீகால் என்றால், குறிப்பிட்ட காலத்தில் தயாரான வண்டிகளில் ஒரு பாகம் பழுதானது என்று நிறுவனமே ஒப்புக்கொண்டு, இலவசமாக மாற்றித் தருவது. அது சேசிஸ் எண்ணோடு, அதாவது வண்டியின் இரும்பில் குத்தியிருக்கும் அடையாள எண்ணோடு ஒட்டியது. வண்டி எத்தனை கை மாறினாலும் பாக்கி பாக்கிதான்.

அந்த வண்டியில் பெட்ரோல் பம்ப், அதாவது டாங்கிலிருந்து எஞ்சினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பாகம், மாற்ற வேண்டியிருந்தது. பம்ப் கெட்டால் ஓடிக்கொண்டிருக்கும்போதே எஞ்சின் அணைந்துவிடலாம். மார்த்தாண்டம் மேம்பாலத்தின் நடுவில், பின்னால் ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு வரும்போது அணைந்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இதைக் கண்டுபிடிக்க எனக்கு மூன்று நாள் ஆனது. அரை மணி நேர வேலை. மூன்று நாள் எங்கே போனது என்று சொல்லத்தான் இந்தப் பதிவு.

படி 1: ஆர்.சி.யை வாங்குங்கள்

அரசின் எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைத் தட்டினால் விவரம் வரும். ஆனால் சேசிஸ் எண்ணின் ஒரு பகுதியை மறைத்துத்தான் காட்டும். அதை வைத்து ரீகால் பார்க்க முடியாது. ஆர்.சி. அட்டையை நேரில் வாங்கிப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வரும் மங்கிய படம் வேண்டாம். ஏன் என்று கீழே வருகிறது. பக்கத்திலேயே எஞ்சின் எண்ணும் இருக்கும், மாற்றி எழுதிவிடாதீர்கள். சேசிஸ் எண்ணில் 17 இடங்கள் இருக்க வேண்டும்.

அதே அட்டையில் தயாரிப்பு மாதத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். ரீகால் கணக்கு தயாரிப்பு நாளை வைத்துத்தான், பதிவு செய்த நாளை வைத்து அல்ல. 2020 ஜூலையில் மாருதி நிறுவனம் பெட்ரோல் பம்புக்காக 1,34,885 வண்டிகளை அழைத்தது. அதில் பலேனோவுக்குச் சொன்ன காலம் 2019 ஜனவரி 8 முதல் நவம்பர் 4 வரை. 2019 அக்டோபரில் தயாராகி, பொங்கல் கழித்துப் பதிவான ஒரு பலேனோவைச் சந்தையில் "2020 மாடல்" என்றுதான் விற்பார்கள். அந்தப் பேச்சை நம்பினால் கணக்கு தவறிவிடும்.

படி 2: பென்சில் பிரிண்ட்

நான் தடுக்கி விழுந்த இடம் இதுதான்.

பெரியவரின் மகன் அனுப்பிய ஆர்.சி. படத்தைப் பார்த்து எண்ணைத் தட்டினேன். "இந்த வண்டிக்கு ரீகால் எதுவும் இல்லை" என்று இணையதளம் சொல்லிவிட்டது. இரண்டு நாள் நிம்மதியாகத் தூங்கினேன். மூன்றாம் நாள் வேறு எதற்கோ ஆர்.சி.யை நேரில் பார்த்தபோது ஒரு சந்தேகம்: நான் பி என்று அடித்தது 8 தானோ? அந்த இணையதளம் "இப்படி ஓர் எண்ணே இல்லை" என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இல்லாத வண்டிக்கும் ரீகால் இல்லைதானே!

அதற்குப் பிறகு நான் அச்சிட்ட எதையும் நம்புவதில்லை. இரும்பிலிருந்தே எடுக்கிறேன். ஆர்.டி.ஓ. வேலைக்குப் பென்சில் பிரிண்ட் எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதேதான். சில வண்டிகளில் முன் இருக்கைக்குக் கீழே கம்பளத்தை விலக்கினால் எண் குத்தியிருக்கும். சிலவற்றில் எஞ்சின் அறையின் பின்சுவரில் இருக்கும். மெல்லிய வெள்ளைத் தாளை அதன் மேல் வைத்து, இரு ஓரத்திலும் டேப் ஒட்டி, பென்சிலைச் சாய்த்துப் பிடித்து மெதுவாகத் தேய்க்க வேண்டும். கூர்முனை கூடாது, தாள் கிழியும். ஹெச்.பி.யைவிட 2பி பென்சில் நல்லது. கறுப்பின் நடுவே எழுத்துகள் வெள்ளையாக எழும்.

முட்டம், குளச்சல் பக்கத்து வண்டிகளில் உப்புக் காற்றால் அந்த இடம் துருப்பிடித்திருக்கும். பழந்துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்துவிட்டுத் தேயுங்கள். உப்புத்தாள் போடவே போடாதீர்கள். எண்ணைச் சுரண்டியதாக ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சந்தேகம் வந்தால் பதில் சொல்லி மாளாது.

ஒரு சின்னத் துணை: 17 இட எண்ணில் ஐ, ஓ, க்யூ ஆகிய மூன்று ஆங்கில எழுத்துகள் வரவே வராது. ஓ போலத் தெரிந்தால் அது பூஜ்யம். ஐ போலத் தெரிந்தால் அது ஒன்று. பி–8, எஸ்–5, ஜி–6, இசட்–2 ஆகிய ஜோடிகளைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும்.

படி 3: நிறுவனத்தின் சொந்த இணையதளம்

முதல் மூன்று இடங்களே எந்த நிறுவனம் என்று சொல்லிவிடும். எம்ஏ3 என்றால் மாருதி, எம்ஏஎல் ஹூண்டாய், எம்ஏகே ஹோண்டா, எம்ஏடி (MAT) டாடா, எம்ஏ1 மஹிந்திரா. அந்த நிறுவனத்தின் தளத்துக்குப் போய் ரீகால் பக்கத்தைத் தேடி, 17 இடங்களையும் தட்டுங்கள். மாருதி தளத்தில் இது ரீகால் என்ற பெயரில் இல்லாமல், வாடிக்கையாளருக்கான முக்கியத் தகவல் என்ற பொருளில் ஒரு தலைப்புக்குள் இருக்கும். கண்ணில் படாமல் போவது இயல்புதான்.

கூகுளில் தேடினால் முதலில் அமெரிக்க அரசின் தளம் வந்து நிற்கும். அங்கே விற்ற வண்டிகளுக்குத்தான் அது. நம் வண்டிக்கு அது என்ன சொன்னாலும் கணக்கில் சேர்க்காதீர்கள். பணம் வாங்கிக்கொண்டு "வண்டி வரலாறு" தரும் செயலிகளும் எனக்குப் பிடிக்காது. இலவசமாகக் கிடைப்பதற்கு எதற்குக் காசு? சியாம் என்ற வாகன நிறுவனங்களின் சங்கம் வெளியிடும் ரீகால் பட்டியல் மட்டும் பயன்படும். அதில் தனித்தனி வண்டி இருக்காது. ஆனால் எந்த மாடல், எத்தனை வண்டி என்று ஒரே பார்வையில் தெரியும்.

2012, 2013 காலத்து ஹோண்டா சிட்டி, ஜாஸ் பார்ப்பவர்கள் இந்தப் படியைத் தாண்டவே கூடாது. டகாட்டா என்ற ஜப்பானிய நிறுவனம் செய்த ஏர்பேக் விவகாரம் நினைவிருக்கும். அதிலுள்ள அம்மோனியம் நைட்ரேட், வெப்பத்திலும் ஈரத்திலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தால் கெட்டுப்போய், ஏர்பேக் விரியும்போது உலோகக் கூடே வெடித்துச் சிதறும். வெப்பம், ஈரம் இரண்டுக்கும் நம் குமரி மாவட்டத்தில் பஞ்சமா என்ன?

படி 4: சர்வீஸ் சென்டர்

"பாக்கி இல்லை" என்றால் இரண்டு பொருள்: இந்த வண்டி ரீகாலில் சேரவே இல்லை, அல்லது சேர்ந்து வேலையும் முடிந்துவிட்டது. எது என்று அந்த நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் கேளுங்கள். முடிந்தது என்றால் நாளும் கிலோமீட்டரும் உள்ள ஜாப் கார்டை (செய்த வேலையின் சீட்டு) பிரதி எடுத்துத் தரச் சொல்லுங்கள். சனிக்கிழமை போகாதீர்கள், யாருக்கும் நேரம் இருக்காது.

எங்கள் வண்டிக்குப் பம்ப் மாற்றக் காலையில் விட்டு மதியம் எடுத்தோம். பெரியவரே கூட வந்திருந்தார். பில்லில் பூஜ்யம் என்று இருந்ததை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார்.

பின்சேர்க்கை 1: களியக்காவிளை நண்பர் ஒருவர் எழுதியிருந்தார். கேரளத்திலிருந்து கே.எல். 19 வண்டி வாங்கி, என்.ஓ.சி. (ஆட்சேபனை இல்லாச் சான்று) எடுத்து டி.என். 75 ஆக மாற்றிவிட்டார். சர்வீஸ் சென்டரில் புதிய எண்ணைத் தட்டி "எதுவும் காட்டவில்லை" என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் கணினியில் பழைய கே.எல். எண்தான் இருந்திருக்கிறது. சேசிஸ் எண்ணைக் கொடுத்ததும் பாக்கி வந்து நின்றது. எல்லை மாறிய வண்டிகள் இங்கே அதிகம். ஆகவே வண்டி எண்ணைச் சொல்லவே சொல்லாதீர்கள், பென்சில் பிரிண்ட் தாளை நீட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: இன்று பாக்கி இல்லாவிட்டாலும் நாளை புதிய ரீகால் வரலாம். அந்தச் செய்தி முதல் உரிமையாளரின் கைபேசிக்குத்தான் போகும். பெயர் மாற்றம் முடிந்த கையோடு சர்வீஸ் சென்டரிலும் உங்கள் கைபேசி எண்ணைப் பதிந்துவிடுங்கள். ஆர்.சி.யில் மாற்றினால் அங்கே தானாக மாறிவிடும் என்று நானும் நினைத்திருந்தேன். மாறவில்லை.