பழைய டிஸ்க் மேல் சந்தேகப்பட்டேன், கோளாறு கேபிளில் இருந்தது

அப்பாவின் பழைய கம்ப்யூட்டரில் குடும்பப் படங்கள் 200 ஜிபி இருந்தன, நெட்வொர்க் வழியாகப் புதியதுக்கு நகலெடுக்கப் போட்டால் நொடிக்கு 11 மெகாபைட்டுக்கு மேல் ஏறவே இல்லை. உள்ளே இருப்பது ஐடிஇ டிஸ்க், அந்த அகலமான பட்டைக் கேபிள் போட்டது, சரி, பழசு அப்படித்தான் இருக்கும் என்று இரண்டு நாள் விட்டுவிட்டேன்.

அப்புறம்தான் கணக்குப் போட்டேன். டிஸ்க் வேகத்தை மெகாபைட்டில் சொல்வார்கள், நெட்வொர்க் வேகத்தை மெகாபிட்டில் சொல்வார்கள், எட்டால் வகுத்தால்தான் இரண்டையும் ஒப்பிட முடியும். ஐடிஇ டிஸ்க்குகள் பயன்படுத்தும் ஏடிஏ-133 இணைப்பின் உச்சம் நொடிக்கு 133 மெகாபைட், கிகாபிட் ஈதர்நெட் என்ற நெட்வொர்க் இணைப்புக்கு 125. அதாவது அந்தப் பழைய பட்டைக் கேபிள் கணக்குப்படி கிகாபிட்டையே தாண்டுகிறது! 100 மெகாபிட் நெட்வொர்க் என்றால் வெறும் 12.5. என்னுடைய 11 அதன் பக்கத்தில் போய் நின்றதும் விஷயம் புரிந்துவிட்டது.

இரண்டு பக்கமும் கிகாபிட் கார்டுதான், ஆனாலும் லினக்ஸில் நெட்வொர்க் இணைப்பின் வேகத்தைக் காட்டும் ஈத்டூல் கட்டளையைப் போட்டால் 100 என்றே காட்டியது. கிகாபிட்டுக்கு நெட்வொர்க் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும், 100க்கு இரண்டு ஜோடி போதும், ஒரு ஜோடி விட்டுப்போனால் பல கார்டுகள் சத்தமில்லாமல் கீழே இறங்கிவிடும். கேபிள் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். பழுப்புக் கம்பி பிளக்குக்குள் பின்னைத் தொடாமல் பாதியிலேயே நின்றிருந்தது.

முனையை வெட்டி, புது பிளக் வைத்து கிரிம்ப் செய்தேன், அதாவது கருவியால் அழுத்திப் பொருத்தினேன். இப்போது 50 சொச்சம் வருகிறது, அதுதான் அந்த டிஸ்க்கின் உண்மையான வேகம். மொத்தப் படங்களும் ஒரு மணி நேரம் சொச்சத்தில் வந்து சேர்ந்தன.