மெங்குவாங் ஓலையில் மூன்றாவது முள் வரிசை

மலேசியாவின் பினாங்கு மாநிலத்தில், புக்கிட் மெர்தாஜாம் பக்கம் தாழைப் புதர்களைப் பார்த்திருப்பீர்கள். மலாய் மொழியில் அதற்கு மெங்குவாங் என்று பெயர், அந்தப் பெயரில் அங்கே ஓர் அணையே இருக்கிறது. பாய், கூடை முடைய அருமையான ஓலை. நிலத்துக்காரரிடம் கேட்டுவிட்டு, முற்றிய ஓலையாகப் பார்த்து வெட்டுங்கள். குருத்தைத் தொடாதீர்கள், செடி பிழைக்கட்டும்.

முள் இரண்டு ஓரத்தில் மட்டும் இல்லை. அடிப்பக்க நடுநரம்பிலும் ஒரு வரிசை உண்டு. அது தெரியாமல் முதல் தடவை ஓலையை உருவி, உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டேன். தடித்த கையுறை இல்லாமல் இறங்கவே வேண்டாம்.

ஓலையை இளந்தீயில் லேசாக வாட்டினால் துவண்டுவிடும். பிறகு ஓரங்களையும் நடுநரம்பையும் கத்தியால் சீவி எடுத்துவிட்டு, ஒரே அகலத்தில் கீற்றாகக் கிழியுங்கள். ஒவ்வொரு கீற்றையும் மூங்கில் சிம்பால் அழுத்தி இழுக்க வேண்டும். அலுப்பான வேலைதான், ஆனால் இதை விட்டால் முடையும்போது ஓலை உடையும். அப்புறம் இரண்டு மூன்று நாள் தண்ணீரில் ஊறட்டும். தினமும் தண்ணீரை மாற்றாவிட்டால் நாற்றம் வீட்டை நிறைக்கும். பச்சை வெளுத்ததும் நல்ல வெயிலில் காயவையுங்கள். பினாங்கில் மதியம் மூன்று மணி மழையை நம்ப முடியாது. அரைகுறையாகக் காய்ந்த கீற்றைச் சுருட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். சாயம் வேண்டுமென்றால், காய்ந்த கீற்றைச் சாயத் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டால் சரி.