பிள்ளையின் முதல் கார் எலெக்ட்ரிக்கா? இந்தத் தவறுகள் வேண்டாம்

18 வயது முடிந்து லைசென்ஸ் வந்ததும், "கியர் இல்லை, கிளட்ச் இல்லை, ஈஸியா ஓட்டிடலாம்" என்று பிள்ளைக்கு எலெக்ட்ரிக் கார் வாங்கித் தருகிறோம். நல்ல தேர்வுதான். ஆனால் ஈஸி என்ற அந்த நினைப்பே பல தவறுகளுக்கு இடம் கொடுத்துவிடுகிறது.

டிரைவிங் ஸ்கூலில் கற்றதே போதும் என்று விட்டுவிடாதீர்கள். அங்கே பெரும்பாலும் கிளட்ச் உள்ள காரில்தான் பழக்குகிறார்கள். அந்தப் பழக்கத்தில் இடது கால் கிளட்சைத் தேடிப்போய் பிரேக்கை மிதித்துவிடும். நடுரோட்டில் வண்டி சடாரென்று நின்றால் பின்னால் வருபவர் என்ன செய்வார்? இரண்டு பெடலுக்கும் வலது கால் மட்டும்தான் என்பது படியும்வரை காலி மைதானத்தில் ஓட்டவிடுங்கள்.

அடுத்தது வேகம். மோட்டாரின் இழுவிசை, மிதித்த கணமே சக்கரத்துக்குப் போய்விடும். டியாகோ இவி போன்ற சின்னக் காரின் லாங் ரேஞ்ச் மாடலே 5.7 நொடியில் 60 கி.மீ. வேகத்தைத் தொடும் என்கிறது டாடா. இன்ஜின் உறுமாததால் எவ்வளவு வேகத்தில் போகிறோம் என்பது காதுக்கும் எட்டாது. முதல் சில மாதங்களுக்கு ஸ்போர்ட் மோடு பக்கமே போகவேண்டாம்.

ரீஜென் பற்றிச் சொல்லிக்கொடுக்காமல் விடுவதுதான் என் கண்ணுக்குப் பெரிய தவறு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் வண்டி தானாக வேகம் குறைந்து பேட்டரிக்குக் கரண்ட் ஏற்றும்; இதுதான் ரீஜென். பிள்ளை அதையே நம்பி ஓட்டிப் பழகிவிடும். ஆனால் பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருக்கும்போது பல கார்களில் இந்த இழுப்பு குறைந்துவிடும். நேற்று சிக்னலில் தானாக மெதுவான வண்டி, இன்று காலை முன்னால் நிற்கும் ஆட்டோவை நோக்கி உருண்டுகொண்டே போகும். அதனால் கால் எப்போதும் பிரேக்குக்குப் போகத் தயாராக இருக்கவேண்டும்.

சத்தம் இல்லாததால் வண்டி ஆஃப் ஆகிவிட்டது என்று நினைத்து, 'D'யில் (டிரைவ், அதாவது வண்டி முன்னே நகரும் நிலை) விட்டுவிட்டு இறங்குவதும் நடக்கிறது. 'P' (பார்க்கிங்) அல்லது ஹேண்ட்பிரேக், அப்புறம் வண்டியை ஆஃப் செய்து டிஸ்ப்ளேயில் 'ரெடி' விளக்கு அணைந்ததா என்று பார்ப்பது. இந்த வரிசை மாறக்கூடாது.

சார்ஜருக்கு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் வேண்டவே வேண்டாம். எர்த்திங் சரியாக உள்ள 16 ஆம்ப்ஸ் பாயின்ட்டைத் தனி லைனில் போடச்சொல்லுங்கள்.

"17 வயசுதானே, தெருவுக்குள்ளதானே" என்றும் சாவியைக் கொடுக்காதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தப்படி பெற்றோருக்கோ வண்டி உரிமையாளருக்கோ 3 ஆண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். வண்டியின் பதிவு 12 மாதம் ரத்து. ஓட்டிய பிள்ளைக்கு 25 வயதுவரை லைசென்ஸ் கிடையாது.