மாசியில் விதைத்து முளை காண: வீட்டில் காய்கறி நாற்று வளர்க்கும் முறை

இராயக்கோட்டையிலும் பாலக்கோட்டிலும் தக்காளி கூடை கூடையாகச் சந்தைக்கு வந்து இறங்கும்போது, வீட்டு மாடியில் நான்கு செடிக்காக விதை போடுவானேன் என்று கேட்பவர்கள் உண்டு. விலைக் கணக்கில் அவர்கள் சொல்வது சரிதான். வளர்ந்த நாற்றே நாற்றுப் பண்ணைகளில் மலிவாகக் கிடைக்கிறது. ஆனால் நாற்றாக வாங்குபவர், விதைத்த ஐந்தாம் ஆறாம் நாள் காலையில் மண்ணைப் பிளந்துகொண்டு வரும் வளைந்த தண்டைக் காணும் மகிழ்ச்சியை விட்டுவிடுகிறார். அந்த மகிழ்ச்சி ஏமாற்றமாகிவிடாமல் இருக்கச் செய்யவேண்டியவற்றையே இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலம். இளவேனில் என்று நாம் சொல்லும் சித்திரை, வைகாசி வரை காத்திருந்தால் தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கங்களில் வெயில் முந்திக்கொள்ளும். தக்காளி, கத்தரி, மிளகாய் விதைகள் 25 முதல் 30 டிகிரி வெப்பத்தில் நன்கு முளைக்கும். 35 டிகிரிக்கு மேல் போனால் தக்காளியின் முளைப்பு குறைந்துவிடும். ஆகவே இப்பகுதியினர் தை முடிவிலோ மாசி முதல் வாரத்திலோ விதைப்பது நல்லது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஓசூரிலும், அதையொட்டிய தளி, தேன்கனிக்கோட்டைப் பகுதிகளிலும் தை மாத இரவுகள் குளிர்ச்சியாக இருப்பதால், விதை மண்ணுக்குள் நெடுநாள் கிடந்து அழுகக்கூடும். அங்கே மாசி நடுப்பகுதி வரை பொறுத்திருந்து விதைத்தால், யுகாதியை ஒட்டித் தக்காளி நாற்று நடவுக்கு ஆயத்தமாகிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர் மிளகாயில் தொடங்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சுரையும் அவரையும் நான்கு முதல் ஏழு நாளில் கண்ணுக்குப் பெரிதாக முளைத்துக் கைக்கு நம்பிக்கை தரும். தக்காளி ஐந்து முதல் எட்டு நாளும், கத்தரி ஏழு முதல் பத்து நாளும் எடுக்கும்; மிளகாய்க்குப் பன்னிரண்டு நாள் கூட ஆகலாம். பாகல் விதையின் தோல் தடித்தது என்பதால் இரவு முழுவதும் நீரில் ஊறவைத்து, ஈரத் துணியில் முடிந்து வைத்து, முனை வெடித்த பிறகு ஊன்றலாம். சந்தையில் வாங்கும் தக்காளி பெரும்பாலும் வீரிய ஒட்டு இரகம். அதன் விதை முளைக்கும், ஆனால் காய் தாய்ச் செடியைப் போல இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. நாட்டு இரகமாக இருந்தால், பழச் சதையை ஓரிரு நாள் புளிக்கவிட்டுக் கழுவி, விதையை நிழலில் உலர்த்த வேண்டும். விதையைச் சுற்றியுள்ள வழுவழுப்பான பகுதி முளைப்பைத் தடுக்கும் தன்மை கொண்டது. புளிக்கும்போது அது நீங்கிவிடுகிறது. கடையில் வாங்கும் விதை சிவப்பு அல்லது நீல நிறம் பூசப்பட்டிருந்தால் அது மருந்து கலந்தது. அதை ஊறவைக்க வேண்டாம், குழந்தைகள் கையில் தரவும் வேண்டாம்.

நம் ஊர்ச் செம்மண்ணை மட்டும் தட்டில் நிரப்பினால், நீர் ஊற்றிக் காய்ந்ததும் மேலே ஓடு கட்டிக்கொள்ளும். சிறு முளை அதை உடைத்துக்கொண்டு வர இயலாது. மூன்று பங்கு தென்னை நார்க்கழிவுக்கு ஒரு பங்கு மண்புழு உரம் சேர்த்தால் போதும். நார்க்கழிவுக் கட்டியை ஊறவைத்த முதல் நீரில் உப்பும் கறையும் இறங்கியிருக்கும் என்பதால், அதைக் கொட்டிவிட்டு மறுபடி ஒருமுறை அலசிப் பிழிந்து பயன்படுத்தவும். மட்காத ஆட்டுப்புழுக்கை சூடு கொள்ளும், நாற்றுக்கு ஆகாது. சிறு குழிகள் கொண்ட நாற்றுத் தட்டான குழித்தட்டு இல்லாதவர்கள் அடியில் துளையிட்ட காகிதக் கோப்பைகளையே பயன்படுத்தலாம்.

விதையின் தடிமனைப் போல இரண்டு மூன்று மடங்கு ஆழம் என்பதே அளவு. தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு அரை சென்டிமீட்டர். சுரை, பாகலுக்கு ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர். பூவாளியால் மெல்ல நீர் தெளித்து, தட்டை ஈரச் சாக்கால் மூடி நிழலில் வைக்கவும். எறும்பு சிறு விதைகளை இழுத்துக்கொண்டு போய்விடும் என்பதால், நீர் நிரப்பிய தாம்பாளத்தில் செங்கல் வைத்து அதன் மேல் தட்டை வைப்பது பயன் தரும்.

இனி வருவதுதான் பலரும் பொறுமை இழக்கும் கட்டம். மேலே ஒன்றும் தெரியாத நாட்களில் உள்ளே வேலை நடந்துகொண்டுதான் இருக்கிறது. விதை நீரை உறிஞ்சிப் பருத்து, முதலில் முளைவேரைக் கீழே அனுப்புகிறது. வேர் பிடிப்பு கண்ட பின்னரே தண்டு கொக்கி போல வளைந்து, முதுகால் மண்ணைத் தள்ளிக்கொண்டு மேலே வருகிறது. நுனிக் குருத்தும், விதைக்குள்ளேயே இருக்கும் முதல் இலைகளான வித்திலைகளும் மண்ணில் உராய்ந்து சிதையாமல் இருக்கவே இந்த வளைவு. வெளிச்சம் பட்டதும் வளைவு நிமிர்கிறது, வெளிறிய நிறம் பச்சையாகிறது. காலையில் வளைந்திருந்ததைத் தொடர்ந்து கவனித்து வந்தால், நிமிர்ந்து இலை விரிக்கும் நேரத்தையே பார்த்துவிடலாம். சுரை, பூசணி முளைகளில் இன்னொரு விந்தையும் உண்டு: வேரும் தண்டும் சேரும் இடத்தில் ஒரு சிறு புடைப்பு எழுந்து விதைத்தோலின் ஓரத்தை மண்ணுக்குள் அழுத்திப் பிடித்துக்கொள்ள, வித்திலைகள் தோலைக் கழற்றிவிட்டு வெளியேறுகின்றன. மேலாக விதைத்தால் இந்தப் பிடிப்பு கிடைக்காமல் தோலையும் தலையில் சுமந்துகொண்டே முளை வரும். அப்போது நகத்தால் இழுத்தால் வித்திலை கிழியும். நீர் தெளித்து ஈரமாக வைத்தால் பெரும்பாலும் தானே கழன்றுவிடும்.

முளைக்கவில்லையே என்று மண்ணைக் கிளறிப் பார்ப்பது முளைவேரை முறிக்கும் வழி. ஐயம் இருந்தால் விதைக்கும் நாளிலேயே அதே பொட்டலத்தில் பத்து விதைகளை ஈரத் துணியில் தனியே வைத்துவிடவும். தட்டில் நடப்பதை அது காட்டிவிடும். பத்தும் முளைக்க வேண்டும் என்பதில்லை. விதைச் சான்றளிப்பிலேயே குறைந்தபட்ச முளைப்புத்திறன் தக்காளிக்கு 70 விழுக்காடு, மிளகாய்க்கு 60 விழுக்காடுதான்.

முதல் முளைகள் தென்பட்ட அன்றே சாக்கை எடுத்துவிட்டு, காலை வெயில் படும் இடத்துக்குத் தட்டை மாற்ற வேண்டும். ஒரு நாள் தாமதித்தாலும் தண்டு வெளிச்சம் தேடி நூலாக நீண்டு சாய்ந்துவிடும். மற்றொரு ஆபத்து நாற்றழுகல். மண்ணை ஒட்டிய தண்டு நீர் கோத்து மெலிந்து, முந்தின நாள் நன்றாக நின்ற நாற்று படுத்துவிடும். மிகை ஈரமும் நெருக்கமும் இதற்குத் துணை போகின்றன. காலையில் ஒரு முறை, மேல்பரப்பு உலரத் தொடங்கியதும் மட்டும் நீர் விடுங்கள். மாலையில் இலை நனைய விடவேண்டாம். நாற்றழுகலைத் தடுக்க, டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையின் பொடியை விதைக்கும் முன் விதையில் கலப்பதும் உண்டு; ஒரு கிலோ விதைக்கு 4 கிராம் என்பது பரிந்துரை. வீட்டளவுக்கு ஒரு சிட்டிகை போதும். ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருக்கும் வீடுகளில் தட்டின் மேல் வெள்ளைப் படிவு தோன்றும். அங்கே மழைநீரோ குடிநீரோ நாற்றுக்கு உகந்தது.

வித்திலைகளுக்குப் பின் வரும் இலையில்தான் செடி தன் குணத்தைக் காட்டுகிறது. தக்காளியின் இலை ஓரம் வெட்டுப்பட்டு வருவதோடு, விரலால் தடவினால் வாசனையும் வரும். ஒரு குழியில் இரண்டு வந்திருந்தால் இப்போது நோஞ்சானைக் கத்தரித்துவிடலாம். பிடுங்கினால் மற்றதன் வேரும் அசையும். தக்காளி 25 நாளிலும், கத்தரி 30 முதல் 35 நாளிலும், மிளகாய் 40 நாள் அளவிலும் நடவுக்கு வரும். அதற்கு முந்தைய ஒரு வாரம் நீரைக் குறைத்து, வெயிலைச் சிறிது சிறிதாகக் கூட்டி, மாலை நேரத்தில் நடவும். வெண்டை, கொத்தவரை, முள்ளங்கி ஆகியவற்றை நாற்று விடாமல் தொட்டியிலேயே நேரடியாக ஊன்றிவிடுங்கள். பங்குனி கடந்து விதைப்பவர்கள் நிழல்வலை கட்டிக்கொள்ள வேண்டும். அதற்கு வசதி இல்லையென்றால் மீதி விதையைக் காற்றுப் புகாத டப்பாவில் போட்டு ஆடிப் பட்டத்துக்கு வைத்திருக்கலாம்.