கரை மணல் எந்தப் பக்கம் போகிறது? இரண்டு கம்பும் ஒரு ஆரஞ்சும் போதும்

தென்மேற்குப் பருவக் காலத்து அலைகள் சென்னைக் கரையின் மணலை வடக்கே தள்ளுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் அது தெற்கே திரும்புகிறது. கூட்டிக் கழித்தால் வடக்கே போவதுதான் அதிகம். துறைமுகச் சுவருக்குத் தெற்கே மெரினா அகன்றதும், வடக்கே ராயபுரம் பக்கம் கரை அரித்ததும் அதனால்தான்.

உங்கள் கரையை அளக்க 1.5 மீட்டரில் இரண்டு கம்புகள், அவற்றின் இடைவெளியைப் பிடிக்க அதே நீளத்துக்குக் கயிறு. கம்புகளில் உச்சியிலிருந்து கீழ்நோக்கிச் சென்டிமீட்டர் குறியுங்கள். நகராத ஒரு சிமென்ட் தூணில் தொடங்கி, கரைக்குச் செங்குத்தாக, ஒவ்வொரு முறையும் அதே கோட்டில் நீர்விளிம்பு வரை போங்கள். கடல்பக்கக் கம்பின் உச்சியும் அடிவானமும் ஒன்றாகத் தெரியும்படி கண்ணை வைத்தால், பார்வை கரைப்பக்கக் கம்பில் விழும் குறியே இறக்கம். மேடேறும் இடத்தில் மாற்றிப் பாருங்கள்: கரைப்பக்க உச்சியிலிருந்து அடிவானத்தை நோக்கி, கடல்பக்கக் கம்பில் படித்து, கழித்தல் குறி போடுங்கள். பிறகு பின்கம்பை முன்கம்பு நின்ற அதே இடத்துக்குக் கொண்டுவந்து, இறக்கங்களைக் கூட்டிக்கொண்டே போங்கள்.

ஈர மணலில் கம்பு புதையும். ஒவ்வொரு அளவிலும் ஒரே பக்கமாக 1 செ.மீ. பிசகினால் 40 அளவில் 40 செ.மீ. ஆகிவிடும், அடியில் பலகைத் துண்டு அடியுங்கள். காலையில் வெயில் நேரே கண்ணில் அடிக்கும், ஆகவே நீர் பிற்பகலில் வற்றும் நாளே நல்லது.

நீரோட்டத்துக்கு ஆரஞ்சை அலை உடையும் இடத்தில் எறியுங்கள். அது பெரும்பாலும் முழுகியே மிதப்பதால் காற்று அதிகம் இழுக்காது, பந்து வேண்டாம். 2 நிமிடத்தில் கரையோரமாக 36 மீட்டர் போனால் வினாடிக்கு 0.3 மீட்டர். தூண்டில் வளைவை (கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல்சுவர்) ஒட்டி எறியாதீர்கள், அங்கே சுழல் எதிர்த்திசை காட்டும். பழம் நேரே கடலுக்குள் ஓடினால் அங்கே யாரும் இறங்கக் கூடாது.

டிசம்பர் அளவை ஏப்ரலோடு ஒப்பிட்டு ‘அரிப்பு’ என்று மனு எழுதுவது வீண். மழைக்காலத்து அலை இழுத்துப் போகும் மணலில் பெரும்பங்கு கடலடித் திட்டாக நின்று, கடல் தணிந்ததும் கரையேறும். அதே மாதத்தை அடுத்த ஆண்டின் அதே மாதத்தோடு வையுங்கள். தூண்டில் வளைவு இருந்தால் இருபுறமும் அளக்க வேண்டும். தெற்கே மணல் மட்டம் ஏறி வடக்கே இறங்கினால் மறிப்பது அந்தக் கல்தான். இருபுறமும் ஆண்டுக்காண்டு இறங்கினால் மணல் வரத்தே குறைகிறது; இன்னும் தெற்கே போய், எந்தச் சுவர், எந்த முகத்துவாரம் பிடித்து வைத்திருக்கிறது என்று பாருங்கள்.